பனிக்கு முந்திய நடைக்கூடு

இழைப்புளி பலகையின் ஓரத்தில் ஒருமுறை போய் வந்தது. சுருளாக எழுந்த சீவல் கீழே விழாமல் மணிக்கட்டிலேயே தொங்கியது. கை அதை உதறிவிட்டு, பலகையின் நாக்கை அடுத்த பலகையின் காடிக்குள் நுழைத்துப் பார்த்தது. நுழைந்தது. வேறு யாராக இருந்தாலும் இத்தோடு அடுத்த பலகைக்குப் போயிருப்பார்கள். இந்தக் கை பலகையை மறுபடி உருவியது. கட்டைவிரலால் நாக்கின் நீளம் முழுக்கத் தடவியது. எங்கோ ஒரு மயிரிழை அளவு மேடு தட்டுப்பட்டது. மறுபடி இழைப்புளியை எடுத்தது.

"அந்தப் பலகை உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

கைக்குச் சொந்தக்காரரான ரெய்னோ நிமிர்ந்து பார்க்கவில்லை. பட்டறைக் கதவைத் தட்டாமல் திறப்பவள் வெல்லமோ என்ற அந்த ஊரிலேயே ஒருத்திதான். அவருடைய காலஞ்சென்ற மனைவி சைமியின் தங்கை, நாலு வீடு தள்ளியிருக்கும் இம்பி.

"கதவைச் சாத்து. குளிர் வருது."

"குளிர் வரத்தானே போகுது, நவம்பர் பாதி ஆச்சே. எனக்கு வேண்டியது நடைக்கூடு. அது வருமா, வராதா?"

"வரும்."

"எப்போ? ஏரி உருகறப்பவா?"

ரெய்னோ பலகையைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். இம்பியின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் வட எல்லையில் சுப்பீரியர் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கரையில் வீட்டுக் கதவிலிருந்து சாலை வரைக்கும் மரத்தால் ஒரு கூண்டு கட்டிக்கொள்வார்கள். மேலே கூரை, இரண்டு பக்கமும் சுவர், சாலைப் பக்கம் ஒரு கதவு. வெளியே பனி ஆள் உயரத்துக்கு ஏறினாலும் உள்ளே வீட்டுச் செருப்போடு நடந்து சாலைக்கு வந்துவிடலாம். அப்படி ஒரு நடைக்கூட்டை ரெய்னோ கட்டினால் அதற்குள் ஊசிப் பனி நுழையாது என்பதை ஊரே ஒப்புக்கொள்ளும். கூடவே இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளும். அவர் கட்டிய எதுவும் பனிக்கு முன்னால் முடிந்ததில்லை. போன வருஷம் பாஸ்டருக்குக் கட்டிக்கொடுத்தது ஈஸ்டருக்குப் பிறகுதான் முடிந்தது. கோடை முழுக்க நல்ல நிழல் கிடைத்தது என்று பாஸ்டர் பிரசங்கத்திலேயே நன்றி சொன்னார். சபை சிரித்தது. ரெய்னோ சிரிக்கவில்லை. அந்தக் கூரையில் ஒரு பலகையை இன்னும் கொஞ்சம் இழைத்திருக்கலாம் என்று அப்போதும் யோசித்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை டேல் வரான்," என்றாள் இம்பி. இந்த முறை குரலில் கேலி இல்லை.

ரெய்னோ இழைப்புளியைக் கீழே வைத்தார்.

டேல் இம்பியின் ஒரே மகன். தெற்கே லான்சிங் நகரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. போன ஜனவரிப் புயலில் இம்பியின் சமையலறைக் கதவைப் பனி மூடிவிட்டது. அவள் மாடி ஜன்னலைத் திறந்து, ரொட்டி சுடும் பெரிய தட்டின் மேல் உட்கார்ந்து, பனிச்சரிவில் வழுக்கிக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் போய் இறங்கி, காபி குடித்துவிட்டு வந்தாள். அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. அதை மகனிடம் போனில் பெருமையாகச் சொன்னாள்.

டேல் முழுக்கக் கேட்டுக்கொண்டான். பிறகு டேல் சொன்னான். "ஜன்னல் வழியா வெளிய போறது திருடன் செய்யற வேலைம்மா."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அதே பேச்சு. கடைசியில் அக்டோபரில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தார்கள். மான் வேட்டை ஆரம்பிக்கும் வாரம் அவன் வருவான். எவ்வளவு பனி கொட்டினாலும் அம்மா கையில் மண்வெட்டி இல்லாமல் வீட்டிலிருந்து சாலைக்கு வர முடியும், அவளுடைய வண்டி முதல் தடவையிலேயே கிளம்பும் என்று காட்டிவிட்டால் அவன் வாயைத் திறக்க மாட்டான். காட்டாவிட்டால் குளிர்காலம் முழுக்க அவள் லான்சிங்கில், அவன் வீட்டு மாடி அறையில்.

"அந்த ரூம் ஜன்னல் திறக்கவே திறக்காது. நான் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன்," என்றாள் இம்பி.

"வியாழக்கிழமை பலகைத் தட்டியெல்லாம் நிக்கும்," என்றார் ரெய்னோ.

"எந்த வருஷத்து வியாழக்கிழமை?"

"போடி."

அவள் போனாள். ரெய்னோ பலகையை மறுபடி தடவினார். சனிக்கிழமைதோறும் அவர் வீட்டுப் பின்கட்டில் சவுனா என்ற நீராவிக் குளியலுக்கு அடுப்பு மூட்டுவார். முதலில் இம்பி, பிறகு அவர். அப்புறம் சமையலறையில் காபியும் ஏலக்காய் ரொட்டியும். சைமி இருந்த காலத்திலிருந்து வரும் பழக்கம். அவருடைய காபி சாக்கடைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று இம்பி ஒவ்வொரு வாரமும் தவறாமல் சொல்வாள், இரண்டு கோப்பை குடிப்பாள். லான்சிங்கில் அவளுக்கு நல்ல காபி கிடைத்துவிடும். அந்த எண்ணம் அவருக்குப் பிடிக்கவில்லை. மயிரிழை மேட்டை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பலகையை எடுத்தார். அவர் வாழ்க்கையில் அது சாதாரண விஷயமல்ல.

வண்டி விஷயத்தில் இம்பிக்கு யாருடைய உதவியும் வேண்டியிருக்கவில்லை. குளிர்காலத்தில் சாலையோரம் வண்டி நிறுத்தக்கூடாது. எதிரே சர்ச்சின் மைதானத்தில் நிறுத்திக்கொள்ளப் பாஸ்டர் இடமும் கொடுத்திருந்தார், இன்ஜினைச் சூடாக வைக்கும் ஒயரைச் செருகக் கரண்டும் கொடுத்திருந்தார். அவளுடைய பழைய பிக்கப்பில் பனி டயர் மாட்டியாகிவிட்டது. ரேடியேட்டரில் உறையாத தண்ணீர். ஏரியல் கம்பியின் நுனியில் ஆரஞ்சுக் கொடி. பனிமதில்களுக்கு நடுவே முக்கில் திரும்பும்போது வண்டி தெரியாவிட்டாலும் கொடியாவது தெரியவேண்டும்.

புதன்கிழமை தட்டிகளை இறக்க வந்த ரெய்னோ வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கேட்காமலே பரிசோதனை செய்வது அவர் வழக்கம்.

"பின்னாடி எத்தனை மணல் மூட்டை போட்டிருக்கே?"

"போதுமான அளவு."

"முன் சக்கரம் தரையத் தொடுதான்னு பாத்தியா?"

"உன் வண்டியில நீ போடு, என் வண்டியில நான் போடறேன். பனியில பின்பக்கம் வழுக்கினா நீயா வந்து பிடிக்கப் போற?"

அவர் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். கம்பளி, கயிறு, சின்ன மண்வெட்டி, சக்கரம் வழுக்கினால் தூவப் பூனைக்குப் போடும் மண் ஒரு பை, தகர டப்பாவில் மெழுகுவத்தி, தீப்பெட்டி, உப்புக்கண்டம், உலர்ந்த ரொட்டி, ஒரு ஜோடி ஆண்பிள்ளைக் காலுறை, ஒரு சீட்டுக்கட்டு.

"சீட்டுக்கட்டு எதுக்கு?"

"வண்டி பனியில மாட்டிக்கிட்டா பொழுது போக வேணாமா?"

"தனியா ஆடுவியா?"

"அந்தக் காலுறை என்னோடதா? எவனாவது வந்து மாட்டுவான், பேசிக்கிட்டு இருக்கலாம்."

ரெய்னோ இந்த ஏற்பாட்டில் குற்றம் கண்டுபிடிக்க முடியாமல் தட்டிகளை இறக்கப் போனார்.

வியாழக்கிழமை சாயங்காலம், ஊர் நம்பாத ஒன்று நடந்தது. நடைக்கூடு நின்றது. சமையலறைக் கதவிலிருந்து சாலை விளிம்பு வரை, தட்டிக்குத் தட்டி, காடிக்குள் நாக்கு. கூட்டுறவுக் கடையில் இறைச்சி அடைத்த பாஸ்டி வாங்க வந்தவர்கள் சுற்றுவழியாக நடந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் தொட்டுப் பார்த்து, அட்டையில் செய்ததில்லை என்று மற்றவர்களுக்கு உறுதி சொன்னார்.

அத்தோடு ரெய்னோ வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். வெள்ளிக்கிழமை காலை அவர் மறுபடி வந்தார். கதவின் கீலில் ஒரு சின்னக் கிறீச்சு இருக்கிறதோ என்று சந்தேகம். வந்தவர் கீலை மறந்து சாலையைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

சாலை இலாகாவினர் முந்தின நாள் மாலை எல்லைக் குச்சிகளை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பனி எல்லாவற்றையும் மூடியபிறகு பனி தள்ளும் வண்டி எதுவரை போகலாம் என்று காட்டும் உயரமான குச்சிகள் அவை. இம்பியின் வீட்டெதிரே நட்ட குச்சி சாலையோரத்தில் இல்லை. நடைக்கூட்டின் வாசலையும் தாண்டி, வீட்டுப் பக்கமாக உள்ளே தள்ளி நின்றது. அந்தக் குச்சியை நம்பினால் பனி வண்டி நடைக்கூட்டின் மூக்கைப் பிய்த்துக்கொண்டு போய்விடும்.

ரெய்னோ தெருவை நீளத்துக்கும் பார்த்தார். எல்லாக் குச்சிகளும் அப்படியேதான் இருந்தன.

அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஓய்வு பெறும் வரை அந்தத் தெருவில் பனி தள்ளியவர் அவர். எந்த வீட்டின் எந்தப் படிக்கட்டுக்கு எவ்வளவு தள்ளி வண்டியின் பனி ஒதுக்கும் பக்க இறக்கைத் தகடு போகும் என்பது அவர் உடம்புக்கே தெரியும். அவர் இடத்துக்கு வந்திருப்பவள் வெர்னா, அனுபவம் போதாது. பாவம், தெரியாமல் நட்டுவிட்டாள். சத்தம் போடாமல் திருத்திவிட்டால் அவளுக்கும் அவமானமில்லை.

நூலும் சுத்தியலும் எடுத்து வந்தார். குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார், தன் காலத்துக் கோட்டில் நூல் பிடித்து நட்டார். அவர் வேலையாயிற்றே, ஒன்றுகூட நூலிலிருந்து விலகவில்லை. மதியம் வரை பிடித்தது. தெருக்கோடியில் கடைசிக் குச்சியை அடித்துக்கொண்டிருந்தபோது ஏரிப்பக்கம் வானம் ஈயம் மாதிரி கனத்துக் கிடந்தது. முதல் பனித்துகள் அவர் மூக்கில் விழுந்த நேரத்தில்தான் பின்னால் ஒரு பெரிய வண்டி வந்து நின்றது.

வெர்னா கண்ணாடியை இறக்கினாள். முப்பது வயது, தலையில் ஆரஞ்சுக் குல்லா.

"ரெய்னோ. என் குச்சிங்க நடந்து போயிருக்கு."

"தப்பா நட்டிருந்தே. சரி பண்ணிட்டேன். நன்றியெல்லாம் வேணாம்."

வெர்னா வாய்க்குள் நாக்கைச் சுழற்றினாள். கத்தலாமா, சிரிக்கலாமா என்று அவளுக்கே முடிவாகவில்லை. பிறகு இறங்கி வந்து வண்டியின் பக்கத்தைக் காட்டினாள்.

"இதப் பாத்தீங்களா?"

ரெய்னோ பார்த்தார். மஞ்சள் பெயிண்ட் புதுசு. வண்டி புதுசு. பக்கவாட்டில் மடித்து வைத்திருந்த இறக்கைத் தகடு அவர் ஓட்டிய வண்டியின் தகட்டைவிட நீளம்.

"எவ்வளவு நீளம் அதிகம்?"

"நான் குச்சி நட்ட அளவு. அளந்துதான் நட்டேன். தெரியாதுன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுதானே? கேட்டா உங்க கிரீடம் இறங்கிடுமா?"

ரெய்னோ தன் வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. அதைத்தான் அவள் சொல்கிறாள் என்று புரிந்தது.

"இம்பி வீட்டு நடைக்கூடு..." என்று ஆரம்பித்தார்.

"பாத்தேன். ரொம்ப அழகா இருக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு முதல் சுற்று வரேன். மூக்கு நீட்டிக்கிட்டு இருந்தா மூக்கு போயிடும். வேற வழியில்ல, இது ஆம்புலன்ஸ் போற சாலை." வண்டியில் ஏறியவள் மறுபடி தலையை நீட்டினாள். "குச்சியெல்லாம் நானே நட்டுக்கறேன். நீங்க தயவுசெஞ்சு உதவி பண்ணாதீங்க."

ரெய்னோ ரம்பத்தோடு இம்பி வீட்டுக்கு ஓடினார். அந்த ஊரில் ரெய்னோ ஓடுவதை யாரும் பார்த்ததில்லை. எதிர்வீட்டுக்காரர் கம்பளிச் சட்டையோடு வாசலுக்கே வந்துவிட்டார், எங்காவது தீப்பிடித்துவிட்டதோ என்று.

"வெட்டணும்," என்றார் இம்பியிடம்.

"எதை?"

"கடைசித் தட்டியை. பாதியோட. கதவைக் கழட்டி உள்ள தள்ளி மாட்டணும்."

இம்பி காரணம் கேட்டாள். அவர் சொன்னார். குச்சிக் கதையையும் சேர்த்தே சொன்னார், எப்படியும் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். அவள் சிரித்த சிரிப்பில் அடுப்பங்கரையிலிருந்த பூனை எழுந்து வேறு அறைக்குப் போனது.

"தெரு முழுக்கவா?"

"முழுக்க."

"நூல் பிடிச்சு?"

"பின்ன எப்படி நடறது?"

"ஐயோ, என் அக்கா புண்ணியவதி. இதையெல்லாம் பாக்காம போயிட்டா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். பனி இப்போது சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. சிரிப்பு முகத்தைவிட்டுப் போய்விட்டது. "டேல் ஊருக்கு முந்தின பாலத்தைத் தாண்டிட்டான். இப்பதான் போன் பண்ணான். வா, நான் பிடிச்சுக்கறேன்."

கதவைக் கழற்றினார்கள். தட்டியின் குறுக்கே பென்சில் கோடு. ரம்பத்தை வைத்தபோது ரெய்னோவின் கை ஒரு கணம் தயங்கியது. நாக்கும் காடியும் பொருந்துவதற்காக மூன்று வாரம் தடவியிருந்த பலகைகள் அவை.

"அழறதுன்னா அழுதுட்டு வெட்டு," என்றாள் இம்பி. "ஆனா வெட்டு."

அவர் வெட்டினார். வெட்டிய முனை முரடாக, நார் நாராக நின்றது. கை தானாக இழைப்புளியைத் தேடிப் போனது. இம்பி அதன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரு."

"மாட்டேன்."

"ஒரே ஒரு தடவை, மேலாக்க."

"உன்னோட ஒரு தடவை எனக்குத் தெரியும். கதவை மாட்டு."

கதவைத் தூக்கி நிறுத்தியபோது காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. இரண்டு பேர் கை போதவில்லை. அப்போது சர்ச் மைதானத்தில் ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய ஆள், புருவமெல்லாம் பனியோடு, குனிந்தபடி சாலையைக் கடந்து வந்தான்.

"அம்மா! பெரியப்பா! இந்தப் புயல்ல என்ன பண்றீங்க?"

"வந்துட்டியா? இந்தக் கதவைப் பிடி," என்றாள் இம்பி.

தீர்ப்புச் சொல்ல வந்த டேல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மெல்லிய நகரத்துக் கையுறை. விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தபிறகுதான் கேட்டான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது," என்றாள் இம்பி.

"இல்ல," என்றார் ரெய்னோ, அதே நேரத்தில்.

டேல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அம்மா, கார்ல அட்டைப்பெட்டி கொண்டுவந்திருக்கேன். உன் சாமானையெல்லாம் வைக்க. உன்கிட்ட ஒளிக்க விரும்பல."

இம்பி கதவை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். ரெய்னோ கடைசி ஆணியை அடித்தார். இரண்டு அடியில் இறங்கவேண்டிய ஆணி ஐந்து அடி வாங்கியது.

மூவரும் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். காற்றின் இரைச்சல் சட்டென்று வேறு யாரோ வீட்டுச் சத்தம் மாதிரி தூரமாகிவிட்டது. டேல் சுவரைத் தொட்டுப் பார்த்தான். கூரையை அண்ணாந்து பார்த்தான். எங்கேயும் ஒரு துகள் உள்ளே வரவில்லை.

"பெரியப்பா, இதை நீங்களா கட்டினீங்க? பனிக்கு முன்னாடியேவா?"

"கேலி பண்ணாதே."

தூரத்தில் உறுமல் கேட்டது. ரெய்னோ கதவில் காதை வைத்தார். இன்ஜினின் சத்தத்திலேயே வண்டி எந்த முக்கில் வருகிறது என்று அவருக்குத் தெரியும். இப்போது பாஸ்டர் வீடு. இப்போது எதிர்வீடு. தரை அதிர்ந்தது. பக்கவாட்டில் இறக்கைத் தகடு சாலையைச் சுரண்டும் ஓசை நெருங்கி நெருங்கி வந்து, மஞ்சள் வெளிச்சம் கதவோரத்தில் ஒரு சுற்று சுற்றியது. டேல் அம்மாவின் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். ரெய்னோ நகரவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

கதவு ஆடியது. ஆனால் போகவில்லை. உறுமல் தள்ளித் தள்ளிப் போய் அடங்கியது.

இம்பி கதவை உள்பக்கமாக இழுத்துத் திறந்தாள். பனிமதில் இரண்டு பக்கமும் முழங்காலளவு எழுந்திருந்தது. வாசலுக்கு நேரே, தகடு வழித்துக்கொண்டு போன இடத்தில், பாதம் மூழ்கும் அளவுக்கு ஒரு சின்ன வரப்பு மட்டும். வெட்டிய முனைக்கும் தகடு போன தடத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. இம்பி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பைத் தாண்டினாள். சாலையைக் கடந்தாள். சர்ச் மைதானத்து வெள்ளைக்குள் காணாமல் போனாள்.

டேலும் ரெய்னோவும் வாசலில் நின்று காத்திருந்தார்கள். வெளியே ஒன்றும் தெரியவில்லை.

பிறகு பிக்கப் உறுமியது. ஒரே தடவை. அதைத் தொடர்ந்து நீளமாக ஹாரன், வெல்லமோ ஊரில் யாருக்காவது கேட்காமல் போய்விடப் போகிறதே என்கிற மாதிரி. வெள்ளைக்கு நடுவே ஒரு ஆரஞ்சுக் கொடி மைதானத்தை இரண்டு சுற்று சுற்றியது.

"ஒரு சுற்று போதுமே," என்றான் டேல்.

"உங்கம்மாகிட்ட சொல்லு."

அவள் திரும்பி வந்தபோது கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. கையில் மகனின் காரிலிருந்து எடுத்த அட்டைப்பெட்டிகள். "நல்ல கெட்டியான பெட்டி. நிலவறையில உருளைக்கிழங்கு போட்டுவைக்க ஆகும்," என்று அவற்றை டேலின் மார்பில் வைத்தாள்.

டேல் பெட்டிகளை வாங்கிக்கொண்டான். உடன்படிக்கைப்படி வாயைத் திறக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, "ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவேன். ஜன்னல் வழியா போனேன்னு மட்டும் சொல்லாதே. போனாலும் சொல்லாதே," என்றான். பிறகு பெட்டிகளோடு சமையலறைப் பக்கம் போனான்.

ரெய்னோ வெட்டிய முனையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். நார் ஒன்று விரலில் ஏறியது. கதவைக் கழற்றி இன்றிரவு பட்டறைக்குக் கொண்டுபோனால், முனையைச் சீவி, ஓரத்தில் ஒரு பட்டை அடித்து, ஒரு வாரத்தில், அல்லது இரண்டு வாரத்தில்...

இம்பி பக்கத்தில் வந்து நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அவர் விரலிலிருந்த நாரைப் பல்லால் பிடுங்கித் துப்பினார். சுத்தியலைப் பைக்குள் போட்டார். கதவின் விளிம்பைப் பிடித்து அவள் கையில் கொடுத்தார்.

"சாத்திக்கோ. உன்னுது."